தொண்டை என்ன நிறம்?

நைனார்பாளையம்
20.01.2025

மாமாவுக்கு எழில்மதி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இப்போது அந்த ஆவல் இல்லை. ஆத்திரம்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனீர்கள். அதற்குமுன் சனிக்கிழமை தவறாமல் வந்த மனுசன், அதோடு சரி. பொங்கலுக்காவது வருவீர்கள் என்று புது வேட்டி எடுத்துவைத்தேன். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று, பிள்ளைகள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போயாயிற்று. ஏற்றிக்கொண்டு போகப் பிள்ளையே இல்லாத இடத்தில் வேன் டிரைவருக்கு என்ன வேலை? போனில் கேட்டால் டவர் இல்லை என்கிறீர்கள். டவர் இருக்கிற நாளில் "அப்புறம் பேசுறேன் எழிலு" என்று வைத்துவிடுகிறீர்கள். காணும் பொங்கலன்று கடைசியாக ஒரு பதில் சொன்னீர்களே, அதை என்னால் செரிக்க முடியவில்லை. "காத்தாலயும் சாயங்காலமும் குருவி பாக்கப் போறேன், அதான் நேரம் கெடைக்கல."

குருவியா? நாற்பத்திரண்டு வயதில்? காக்காய்க்குச் சோறு வைக்கச் சொன்னால் தட்டை என் கையில் கொடுக்கிற ஆள் நீங்கள்.

இங்கே அம்மா தினமும் ஆரம்பித்துவிடுகிறது. "இன்னாடி, பொங்கலுக்குக்கூட வராம மலைமேல இன்னா பண்ணிக்கினு இருக்காரு உம் புருசன்?" அங்கே உங்கள் அம்மாவோ, "பத்து வருசமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல, எம் புள்ள எத்தினி நாளைக்குத்தான் பொறுப்பான்" என்று சின்னசேலம் சந்தையில் வைத்துச் சொன்னார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?

வாயால் சொல்ல வேண்டாம், மாற்றிப் பேசுவீர்கள். பேப்பரில் எழுதுங்கள். என்ன குருவி, எப்படி இருக்கும், எங்கே போய்ப் பார்க்கிறீர்கள், யாரோடு போகிறீர்கள். நான் நூலகத்தில் பெருக்கித் துடைக்கிறவள்தான். ஆனால் அங்கே இருக்கிற துப்பறியும் நாவல் அத்தனையும் படித்தவள்.

எழில்மதி

*

கல்வராயன் மலை
27.01.2025

எழிலுக்கு,

உன் கடிதம் வந்தது. பொங்கலுக்கு வராதது என் தப்புதான். பள்ளிக்கூட விடுதிக்கு அரிசி மூட்டை வந்தது, இறக்க ஆள் இல்லை, இருந்துவிட்டேன். அம்மா பேசியதற்கு நான் என்ன செய்ய? அது வாய் அப்படி. மனசில் வைக்காதே.

குருவியைப் பற்றிக் கேட்டாய். விடுதிக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கில், வெயில் உள்ளே வராது. காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிடுவேன். முதலில் டிக், டிக் என்று கேட்கும். நாம் நாக்கைக் கடைவாயில் வைத்துச் சொடுக்குவோமே, அந்த மாதிரி. அது வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் அசையக் கூடாது. கொஞ்சநேரம் பொறுத்தால் பாட ஆரம்பிக்கும். பெரிய பாட்டெல்லாம் இல்லை. ஆறேழு சுரம்தான். மேலே ஏறும், ஏறின இடத்தில் கொஞ்சம் நடுங்கும், அப்புறம் இறங்கிவிடும். சின்ன வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி பட்ட மாதிரி ஒரு சத்தம். நிறுத்தும். நாம் மூச்சை இரண்டு தடவை விட்டு வாங்கியதும் மறுபடி அதே பாட்டு. கொண்டைக்குருவி கத்தினாலும், கரிச்சான் கத்தினாலும், ஓடையில் தண்ணீர் இரைந்தாலும் இதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

பெயர் நீல ஈப்பிடிப்பான். எங்கள் அறிவியல் சார் சொன்னார். சிட்டுக்குருவி அளவுதான். முதுகு நீலம், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு, வயிறு வெள்ளை. நிமிர்ந்து உட்காரும். ஈ, கொசுவைப் பறந்து பிடித்துவிட்டு உட்கார்ந்த கிளைக்கே திரும்ப வரும்.

தனியாகத்தான் போகிறேன். வேறு யாரும் இல்லை. உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டுமா?

கொளஞ்சி

*

நைனார்பாளையம்
02.02.2025

மாமாவுக்கு,

என் தலையில் அடிக்க வேண்டாம். எனக்கு இருப்பது ஒரு தலை.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் எழுத்தைப் பற்றிக் கேட்கிறேன். கோடு போட்ட தாள்தானே அது? ஒரு வரி மேலே போகிறது, அடுத்த வரி அதன்மேலேயே ஏறி உட்காருகிறது, "கொளஞ்சி" என்ற கையெழுத்து தாளின் ஓரத்தைத் தாண்டிப் பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை பருமன். பத்தாவதில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கினேன் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பீற்றிக்கொண்ட ஆள் நீங்கள். குடித்துவிட்டு எழுதினீர்களா? மலையில் சாராயம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது குருவி. எங்கள் நூலகத்தில் பறவைப் புத்தகம் ஒன்று இருக்கிறது, வந்த நாளிலிருந்து யாரும் எடுத்ததில்லை. தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். உங்கள் குருவி படத்தோடு இருக்கிறது. ஆகவே குருவி பொய் இல்லை. பார்த்தீர்களா என்பதுதான் சந்தேகம். சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, நிறத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியும் சுவரில் மாட்டின படத்தைப் பார்த்து எழுதினதுபோல இருக்கிறது. தினம் இரண்டு வேளை போய்ப் பார்க்கிறவனுக்கு இவ்வளவுதான் தெரியுமா? பக்கத்து வீட்டு ஆண்டாள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், அது என்ன புடவை, எந்த இடத்தில் கிழிந்திருந்தது என்று நான் சொல்வேன்.

ஆகவே கேட்கிறேன். நெற்றி என்ன நிறம்? கால் என்ன நிறம்? மார்பில் இருக்கிற ஆரஞ்சு வயிற்று வெள்ளையில் மெல்லக் கரைகிறதா, கோடு கிழித்த மாதிரி நிற்கிறதா? பெட்டை எப்படி இருக்கும்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், நீங்கள் எழுதி வந்தபிறகு ஒத்துப் பார்ப்பேன்.

எழில்மதி

*

கல்வராயன் மலை
10.02.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். மதியம் ரசம் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டேன். உடம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேன் கதவில் வலது கை விரல் நசுங்கிவிட்டது. அதனால் நான் சொல்ல, வேறு ஒருவர் எழுதுகிறார். குடிக்கவில்லை. சத்தியமாகக் குடிக்கவில்லை.

நீ கேட்ட விவரம் பின்வருமாறு. நெற்றி, முதுகைவிடப் பளிச்சென்ற நீலம். கால் மெல்லிசு, கருத்த சாம்பல். தொண்டை முழுக்க நீலம், அதற்குக் கீழே மார்பில்தான் ஆரஞ்சு ஆரம்பிக்கிறது. வயிறு வெள்ளை. பெட்டை பழுப்பாக இருக்கும், பார்த்தால் மண்ணாங்கட்டி மாதிரி. நேற்றுச் சாயங்காலம் பாறைக்கு எதிரே தாழ்ந்த கிளையில் ரொம்பநேரம் உட்கார்ந்திருந்தது. நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

குளிர் அதிகமாக இருக்கிறது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

*

நைனார்பாளையம்
14.02.2025

கொளஞ்சியப்பன் அவர்களுக்கு,

மாட்டிக்கொண்டீர்கள்.

27ஆம் தேதி எழுதினது: "தொண்டையும் மார்பும் ஆரஞ்சு." 10ஆம் தேதி எழுதினது: "தொண்டை முழுக்க நீலம்." பதினான்கு நாளில் ஒரு குருவி தொண்டையை மாற்றிக்கொள்ளுமா? ஜாக்கெட்டா அது? புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், ஆரஞ்சுதான். பெட்டையும் பழுப்பு இல்லை, வெளிறின நீலம். தினம் பார்க்கிற குருவிக்குத் தொண்டை என்ன நிறம் என்றுகூடத் தெரியாத நீங்கள், என் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதைவிடப் பெரிசு இன்னொன்று. அது பொம்பளை எழுத்து. ஒவ்வொரு 'ழ'வுக்கும் வாலைச் சுழித்துவிட்டிருக்கிறாள். ரசம் சோறாம், அவரைக்காய்ப் பொரியலாம். பத்து வருசத்தில் என்ன சாப்பிட்டேன் என்று நீங்கள் ஒருநாள் எழுதினதுண்டா, சொன்னதுண்டா? ஆக்கிப் போட்டவள்தான் அதை எழுதுவாள். "தனியாகத்தான் போகிறேன்" என்றீர்கள். "நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்" என்று அவள் எழுதுகிறாள். பார்த்தது நீங்களா, அவளா?

தம்பி இளஞ்செழியனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடுவான். யார் அவள்? பெயரை எழுதுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள். விரல் நசுங்கினால் இடது கையால் எழுதுங்கள்.

எழில்மதி

*

கல்வராயன் மலை
18.02.2025

எழில்,

எழுதுகிறது கண்ணகி அக்கா. விடுதியில் சமையல் செய்கிறவர். நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. அவர் ரொம்ப நல்ல மாதிரி. இதை அவர் எழுத மாட்டேன் என்றார், நான்தான் எழுதச் சொன்னேன்.

தொண்டை விசயத்தில் ஏதோ தப்பாகிவிட்டது. விட்டுவிடு.

மச்சானிடம் சொல்ல வேண்டாம். நீயும் இங்கே வர வேண்டாம். கச்சிராயபாளையத்துக்கு மேலே ரோடு சரியில்லை, பஸ்ஸும் நேரத்துக்கு வருவதில்லை. பங்குனி பிறந்ததும் நானே வருகிறேன். அதுவரைக்கும் எதையும் கேட்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கொளஞ்சி

*

நைனார்பாளையம்
22.02.2025

உங்களுக்கு,

வராதே என்று எழுதினால் எந்தப் பொம்பளை வராமல் இருப்பாள்?

நேற்று வெள்ளிக்கிழமை, நூலகம் விடுமுறை. அம்மாவிடம் சேலத்தில் ஒரு கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரோடு சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸும் நேரத்துக்குத்தான் வந்தது. இரண்டு மணிக்கு உங்கள் பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். வாசலில் வேன் நின்றது. ஓட்டுகிற சீட்டில் மீசைகூட முளைக்காத ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "டிரைவர் யாருப்பா?" என்றேன். "நான்தாங்க, சரத்குமாரு" என்றான். "கொளஞ்சியப்பன்?" என்றேன். "அண்ணன் நாலு மணிக்கு ஓடைக்கு வருவாருங்க, அக்காவோட" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் பாருங்கள்! ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஓடைப் பாதையில் பலாமரத்தடியில் போய் நின்றேன். முக்காடு போடவில்லை. ஒளியவும் இல்லை. நீங்கள் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவைதான் கட்டியிருந்தேன். நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன்.

வந்தீர்கள். அவள் முன்னால், நீங்கள் பின்னால். உங்கள் கை அவள் தோளில். பட்டப் பகலில், எந்தக் கூச்சமும் இல்லாமல். அவளுக்கு என் அம்மா வயசு இருக்கும், தலை பாதி நரைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அசிங்கமாகப் போய்விட்டது.

நாலு முழத் தூரம். நல்ல வெயில். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உங்கள் முகத்தில் ஒரு திடுக்கிடல் இல்லை, ஒரு வெட்கம் இல்லை. வழியில் நிற்கிற யாரோ ஒருத்திக்கு ஆட்டுகிற மாதிரி மரியாதையாகத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டீர்கள்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, கள்ளக்குறிச்சி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

இன்னொருத்தி இருக்கிறாள் என்றால்கூடச் சண்டை போட்டிருப்பேன், சாபம் விட்டிருப்பேன், அப்புறம் ஒருவேளை பொறுத்துக்கூடப் போயிருப்பேன். கட்டினவளைத் தெரியாத மாதிரி பார்த்தீர்களே, அதைப் பொறுக்க மாட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் இளஞ்செழியனும் நாலு பெரியவர்களும் வருவார்கள். தீர்த்துக்கொள்ளலாம்.

எழில்மதி

*

கல்வராயன் மலை
28.02.2025

எழில்,

அங்கே நின்றது நீயா?

நேற்று மதியம் உன் கடிதம் வந்தது. கண்ணகி அக்கா படித்துக்கொண்டே வந்தவர், பலாமரம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். நான்தான் படிங்க, படிங்க என்றேன். முடித்ததும் எழுந்து போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். இப்போது நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பலாமரத்தடியில் யாரோ நிற்பது தெரிந்தது. பச்சையாக, புகை மாதிரி ஒரு உருவம். ஓடைக்கு வந்த மலைக்காரப் பெண் என்று நினைத்தேன். மரியாதைக்குத் தலையாட்டினேன். என் பெண்டாட்டிக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குக் கண் தெரியவில்லை, எழில்.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் எழுந்தால் இடது கண்ணுக்குள் ஒட்டடை தொங்குகிற மாதிரி கருப்பாக நூல் நூலாக ஓடியது. கழுவினேன், போகவில்லை. நாலு நாளில் அந்தக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. வலது கண்ணும் மங்கல்தான். இருந்தாலும் ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் இருபத்து மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறேன், ஓரத்தில் மைல்கல் நிற்கிறது. பக்கத்தில் போனதும் மைல்கல் நடக்கிறது. மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. அவர் "இன்னாப்பா, கண்ணு தெரியலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சாவியை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சரத்குமார்தான் ஓட்டுகிறான். நான் மோட்டார் போடுவேன், தண்ணீர் பிடிப்பேன், கண்ணகி அக்காவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பேன். விரல் நசுங்கினது பொய். காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டது மட்டும் இரண்டு தடவை நிஜம்.

மார்கழியில் இங்கே கண் முகாம் போட்டார்கள். பார்த்த டாக்டர், சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போகவில்லை. பயம். அங்கே போய் 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டால்? சீட்டு இங்கிலீசில் இருக்கிறது, அக்காவுக்கும் படிக்கத் தெரியவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

குருவி விசயத்தில் நான் பொய் சொல்லவில்லை. ஆரஞ்சுத் தொண்டை, போன வருசம் என் கண்ணால் பார்த்தது. இப்போது கேட்க மட்டும்தான் முடிகிறது. நாள் முழுக்க மங்கலில் தடவிக்கொண்டு திரிகிறவனுக்கு, இது இன்னது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற ஒரே இடம் அந்த ஓடைதான். அதனால்தான் போகிறேன். பாதையில் கல் தடுக்கும் என்று அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு போகிறேன். நீ கேட்ட நிறத்தையெல்லாம் அவர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது நீலத் தொண்டைதான். அவர் பார்த்தது தப்பா, நான் அப்போது பார்த்தது தப்பா, தெரியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டிரைவர் மாப்பிள்ளை என்றுதான் உன் அப்பா பெண் கொடுத்தார். பிள்ளை கொடுக்கவும் முடியவில்லை, இனி வண்டி ஓட்டவும் முடியாது என்றால், நீ எதற்காக என்னோடு இருக்க வேண்டும்? (இந்த வரியை அக்கா எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.)

மச்சான் வரட்டும். பெரியவர்கள் வரட்டும். நீ என்ன முடிவு சொன்னாலும் சரி. ஆனால் உன்னைத் தெரியாத மாதிரி பார்த்தேன் என்று மட்டும் நினைக்காதே. அதை என்னால் தாங்க முடியவில்லை.

கொளஞ்சி

*

நைனார்பாளையம்
06.03.2025

கண்ணகி அக்காவுக்கு எழில்மதி வணக்கம்.

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் மலை பஸ் கண்டக்டர் முனியன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

முதலில் உங்களுக்கு. அக்கா, என் மனசுக்குள் உங்களை என்னென்ன பெயர் சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. நேரில் வந்து காலில் விழுகிறேன். என் கடிதத்தையெல்லாம் நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உங்களைத் திட்டினதை உங்கள் வாயாலேயே படிக்க வைத்திருக்கிறேன். எப்படித்தான் படித்தீர்களோ! குருவியும் நீங்கள் சொன்னதுதான் சரி. புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீலத் தொண்டை ஈப்பிடிப்பான் என்று இன்னொன்று இருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும் வருமாம். அதன் பெட்டை பழுப்பு. அவர் போன வருசம் பார்த்ததும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. ஒரு பக்கத்தோடு புத்தகத்தை மூடினவள்தான் தப்பு.

இனி அவருக்கு.

மாமா, பச்சையாகப் புகை மாதிரி தெரிந்தது என்றீர்களே, அதைப் படித்துவிட்டு நூலகத்தில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நூலகர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பலாமரத்தடியில் ஒரு வார்த்தை, "யோவ்" என்று ஒரு வார்த்தை, நான் கூப்பிட்டிருந்தால் போதும். வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் பொய் சொன்னதற்கு உங்களை மன்னிக்கவில்லை. மூன்று மாதம் தனியாகக் கிடந்து தடவுவீர்களா? எதற்காக உங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். நேரில் வந்து கன்னத்தில் ஒன்று வைக்கிறேன்.

சீட்டையும் உங்கள் கடிதத்தையும் நேற்றுக் கள்ளக்குறிச்சியில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். பயப்படாதீர்கள். இரண்டு கண்ணும் சரியாகிவிடும் என்று சொன்னார். சீக்கிரம் வர வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். நான் சனிக்கிழமை வருகிறேன். இளஞ்செழியன் வண்டி கொண்டுவருகிறான், சண்டைக்கு இல்லை, உங்களை ஏற்றிக்கொண்டு வர. பெரியவர்கள் யாரும் வரவில்லை. துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருங்கள். சர்க்கரை போட்ட டீயைத் தொடக் கூடாது.

உங்கள்,
எழில்

கண்ணகி அக்காவுக்கு மட்டும்:

மேலே என் பெயரோடு கடிதம் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். இதற்குக் கீழே இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அக்கா. இடது கண் இனிமேல் திரும்பாது, மார்கழியிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். வலது கண்ணைக் காப்பாற்றலாம், திங்கட்கிழமைக்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். இதைச் சொன்னால் அவர் வண்டியில் ஏற மாட்டார். 'அவ்வளவுதான்' என்ற வார்த்தைக்குப் பயந்து மூன்று மாதம் ஒளிந்தவர். நடக்கப் பாதை தெரியாவிட்டாலும் காட்டுக்குள் எங்காவது போய் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் இரண்டு கண்ணும் என்று எழுதினேன்.

ஒரு பொய்க்காக ஆள் கூட்டி வருகிறேன் என்று குதித்தவள் நான். இப்போது அதே வேலையைச் செய்கிறேன். உங்களையும் கூட்டுச் சேர்க்கிறேன். திங்கட்கிழமை வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்கிறேன். இந்த இரண்டு நாளாவது அவர் தூங்கட்டும்.

கடைசியில் இன்னும் என்னமோ எழுதியிருக்கிற மாதிரி இருக்கிறதே என்று கேட்பார். நீங்கள் மனசுக்குள் படிப்பதை அவரால் பார்க்க முடியாது, ஆனாலும் தாளை மடிக்கிற சத்தம் வரவில்லை என்றால் கேட்பார். "ஒண்ணுமில்லப்பா, திட்டித்தான் எழுதிக்கினு இருக்கா" என்று சொல்லுங்கள். நம்புவார்.